ஓட்டாத காரில் தேயும் என்ஜின்

கடந்த ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வள்ளியூருக்குத் தெற்கே நான்குவழிச் சாலையோரத்தில் நின்றுபோன ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றி, பாளையங்கோட்டையில் திருச்செந்தூர் சாலைப் பக்கம் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐரோப்பியத் தயாரிப்பு, இரண்டு கதவு, வயது பன்னிரண்டு. மீட்டரில் ஓடியிருந்தது 14,000 கிலோமீட்டருக்கும் குறைவு. உடலில் ஒரு கீறல் கிடையாது. இருக்கைகளில் அப்போதும் புதுத் தோலின் வாசம் இருந்தது. ஆனால் பானட் இடுக்குகளிலிருந்து ஆவியும் கரிந்த ஆயிலும் கலந்த ஒரு வாடை வந்துகொண்டிருந்ததால், திறந்து பார்ப்பதற்கு முன்பே பாதி விஷயம் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

உடன் வந்திருந்த உரிமையாளர், எங்கள் பகுதியில் எல்லோரும் அண்ணாச்சி என்று அழைக்கும் ஒரு வியாபாரி, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “வண்டிய வெளியவே எடுக்கலியே தம்பி, பெறவு எப்படிக் கெட்டுப் போவும்?”

அன்று நின்றபடியே, “வெளிய எடுக்காததுதான் அண்ணாச்சி காரணம்” என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. என்னிடம் வருகிற பெரும்பாலோர் இதை நம்புவதில்லை என்பதால், சற்று விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் ஷார்ஜாவின் தொழிற்பேட்டைப் பகுதியில் பதினான்கு ஆண்டுகள் இத்தகைய கார்களின் என்ஜின்களைப் பிரித்துக் கோத்தவன். அங்கே மணலும் நாற்பத்தைந்து டிகிரி வெயிலும் சேர்ந்து கார்களை வாட்டின. உரிமையாளர்களும் இரக்கமில்லாமல் ஓட்டினார்கள். ஊர் திரும்பிப் பட்டறை வைத்த பிறகு இங்கே பார்ப்பது முற்றிலும் வேறு வகை நோய். திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் சில ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை ஷெட்டில் உறை போட்டு நிற்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் வரை, ஆயுத பூஜைக்குக் கழுவுவதற்காகப் பத்தடி முன்னும் பின்னும், ஆவணியிலும் தையிலும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓர் ஊர்வலம்: இவ்வளவுதான் அவற்றின் வாழ்க்கை. நான் இங்கே திறந்த என்ஜின்களில் வேகத்தால் கெட்டவற்றைவிட நின்று கெட்டவையும், சூடேறாமலே அணைக்கப்பட்டுக் கெட்டவையும்தான் அதிகம்.

இதைப் புரிந்துகொள்ள அந்த என்ஜின் எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். பிஎம்டபிள்யூவின் இ46 வகை எம்3 காரில் வந்த எஸ்54 என்ற ஆறு சிலிண்டர் என்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் பிஸ்டன் மேலிருந்து கீழே பயணம் செய்யும் தூரம் 91 மில்லிமீட்டர். அதிகபட்சச் சுழற்சி நிமிடத்துக்கு 8,000. கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 24 மீட்டர் வருகிறது. நாம் அன்றாடம் ஓட்டும் சிறிய கார் நெடுஞ்சாலையில் போகும்போது இது ஆறேழு மீட்டரைத் தாண்டுவதில்லை. மேலும், பிஸ்டன் ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பும்போது அதைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின்மேல் விழும் இழுவிசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 3,000 சுழற்சியில் இருப்பதைவிட 8,000 சுழற்சியில் அது ஏழு மடங்கு. அந்த விசையையெல்லாம், என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் ராடு பேரிங்குக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் ஒன்றுதான் தாங்குகிறது. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குதான். உலோகமும் உலோகமும் தொடாமல் இருப்பது அந்தப் படலத்தின் தயவால்.

அந்தப் படலம் ஒழுங்காக அமைய, ஆயில் உரிய சூட்டில் இருக்க வேண்டும். இந்த என்ஜினுக்கு அந்நிறுவனம் குறித்த ஆயில் 10டபிள்யூ-60 என்ற கனமான வகை. அதில் 60 என்பது சூடான நிலையில் உள்ள கெட்டித்தன்மையைக் குறிக்கும். குளிர்ந்த நிலையில் அது பாகுபோல் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்த ஐந்து நிமிடத்தில் தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிடுகிறது என்பதால் வண்டி சூடாகிவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். தண்ணீர் சூடாவது வேறு, ஆயில் சூடாவது வேறு. ஆயில் உரிய சூட்டை அடைய, சீராக ஓட்டினாலும் பதினைந்து நிமிடம் வரை ஆகும். அந்த எம்3 காரின் ஆர்.பி.எம். மீட்டரைச் சுற்றி மஞ்சள் விளக்குகள் வைத்திருந்தார்கள். ஆயில் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணைந்து, இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம் என்று அனுமதி கொடுக்கும். வண்டியே வாய்விட்டுச் சொல்லும் இந்த ஏற்பாட்டை அலங்கார விளக்கு என்று நினைத்திருந்த உரிமையாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வண்ணார்பேட்டையிலிருந்து முருகன்குறிச்சி வரை போய்த் திரும்பும் பயணத்தில் ஆயில் ஒருபோதும் சூடாவதில்லை. குளிர்ந்த என்ஜினுக்குக் கணினி கூடுதல் பெட்ரோலைப் பாய்ச்சுகிறது. எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் போய்ச் சேர்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் உள்ளே குளிர்ந்து ஆயிலோடு கலக்கிறது. நூறு டிகிரியை ஒட்டி ஆயில் சூடானால்தான் இந்த இரண்டும் ஆவியாகி வெளியேறும். சூடாகாவிட்டால் அங்கேயே தங்கி, அமிலமாகிப் பேரிங்கை அரிக்கும். அண்ணாச்சியின் காரில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது, அதன் உட்புறத்தில் கெட்டி மோர் அப்பியதுபோல வெளிர்நிறப் படிவு ஒட்டியிருந்தது. கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது என்று கேட்டேன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். போனமுறை மாற்றி இன்னும் மூவாயிரம்கூட ஓடவில்லையாம். அந்த மூவாயிரம் ஓட ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தகைய வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். சம்ப்பைக் கழற்றியபோது அடியில் அல்வாப் பதத்தில் ஒரு விரற்கடை கசடு இருந்தது என்பதை நெல்லைக்காரனாகச் சற்று வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

வடிவமைப்பிலேயே பலவீனம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, புகழ்பெற்ற என்ஜின்களுக்கும் இருக்கிறது. மேலே சொன்ன எஸ்54 என்ஜினின் தொடக்கக் காலத் தயாரிப்புகளில் ராடு பேரிங்குகளைத் தாங்களே மாற்றித்தர பிஎம்டபிள்யூ முன்வர வேண்டியிருந்தது. அதன் பின்வந்த எம்5 காரின் பத்து சிலிண்டர் எஸ்85, அடுத்த எம்3 காரின் எட்டு சிலிண்டர் எஸ்65 ஆகியவற்றிலும் அதே பேரிங்குகள் விரைவில் தேயும். அதனால் அனுபவமுள்ள உரிமையாளர்கள் சத்தம் வரும்வரை காத்திருக்காமல், டைமிங் பெல்ட்டை மாற்றுவதுபோல அவற்றை முன்கூட்டியே மாற்றிக்கொள்கிறார்கள். தட்டுகிற சத்தம் காதில் விழுந்த பிறகு கிராங்க்கும் போய்விட்டது என்றே பொருள்.

போர்ஷெயின் கதை இன்னும் பெயர்பெற்றது. 1990களின் பிற்பகுதியில் பாக்ஸ்டர், 911 ஆகிய கார்களில் தண்ணீரால் குளிரும் எம்96 என்ஜின் வந்தபோது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுகளை ஓட்டும் இடைநிலைத் தண்டின் ஒரு முனையை மூடிய பால் பேரிங் ஒன்றில் உட்கார வைத்தார்கள். மூடிய பேரிங் என்பதால் அதற்குள் இருக்கும் கிரீஸ்தான் அதற்கு உணவு; நாளடைவில் சீல் தளர்ந்து என்ஜின் ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடும், புதிய ஆயிலோ போதுமான அளவு சுற்றிவராது. அந்தச் சிறிய பேரிங் உடைந்தால் டைமிங் தவறி, வால்வும் பிஸ்டனும் மோதி, முழு என்ஜினும் குப்பைக்குப் போகும். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களைச் சார்ந்து அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. 2009 மாடலில் வந்த புதிய என்ஜினில் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள். இதில் என் வாதத்துக்குத் துணைவருவது ஒன்று உண்டு: இந்தப் பேரிங் நன்றாக ஓடிய வண்டிகளைவிட நின்று நின்று ஓடிய வண்டிகளில்தான் அதிகம் போகிறது என்பது இந்த என்ஜின்களைப் பிரித்து வேலை செய்பவர்களிடையே பொதுவான கருத்து. ஈரமும் அமிலமும் கலந்த பழைய ஆயிலில் மூழ்கி நிற்கும் பேரிங் வேறு எப்படி இருக்கும்?

அதே குடும்பத்து என்ஜின்களில் சிலிண்டர் சுவர் கீறிப்போகும் நோயும் உண்டு. ஒரு பக்கத்துப் புகைக்குழாய் மட்டும் கறுத்திருப்பது, ஆயில் குறைவது, சூடான பின்பும் ஐட்லிங்கில் டிக் டிக் என்ற மெல்லிய ஒலி கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிறு கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் அந்த அரைநாள் சோதனைக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பளபளவென்று பாலிஷ் போட்டு வரும் வண்டிகளைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

வேகமாக ஓட்டி உடைந்தவையும் உண்டு என்பதை மறைக்கவில்லை. 2014இல் 911 ஜிடி3 காரில் கனெக்டிங் ராடு போல்ட்டுகள் தளர்ந்து சில வண்டிகள் தீப்பிடித்தபோது, போர்ஷெ 785 கார்களையும் திரும்ப அழைத்து, எல்லாவற்றுக்கும் புது என்ஜினே வைத்துக் கொடுத்தது. ஆனால் அது அபூர்வம். அதற்குத் தீர்வு தயாரிப்பாளரிடம்தான் இருக்கும். நம் கையில் இருப்பது தண்ணீரும் ஆயிலும் சூடும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் நம் மாவட்டத்தின் தனிப்பட்ட பிரச்சினை. தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இதன் கொடுமை தெரியாது; நாங்குநேரியைத் தாண்டி ராதாபுரம், திசையன்விளை பக்கம் போனால், பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதே தண்ணீரைத்தான் டிரைவர்கள் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். கேட்டால், கூலன்ட் என்பது பனி பெய்யும் நாட்டில் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றும் மருந்து, நமக்கு எதற்கு என்கிறார்கள். உறைவதைத் தடுப்பது கூலன்ட்டின் பாதி வேலைதான். அது கொதிநிலையை உயர்த்துகிறது. தண்ணீர் பம்ப்பின் சீலுக்கு வழவழப்புத் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அலுமினிய பிளாக்கையும் அதன்மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டையும் அரிப்பிலிருந்து காக்கிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தில் ஊசி குத்தியதுபோல் குழி பறிக்கும். சுண்ணாம்புச் சத்து வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதுபோல ஹெட்டுக்குள் இருக்கும் சன்னமான நீர்ப்பாதைகளில் படியும். உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் சுண்ணாம்பு படிந்தாலே போதும், சூடு தண்ணீருக்கு ஒழுங்காக இறங்காது. மீட்டர் முள் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே உள்ள பகுதி வெந்துகொண்டிருக்கும்.

அண்ணாச்சியின் காரில் நடந்தது இதுவே. ஆறு ஆண்டுகளாக, கூலன்ட் குறைந்தபோதெல்லாம் டிரைவர் தோட்டத்துப் பம்ப்செட் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார். ஏன் குறைகிறது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூட்டுப் பிளாஸ்டிக் மயிரிழை அளவு வெடித்துக் கசிந்துகொண்டிருந்ததுதான் காரணம். மூடிய அமைப்பில் தண்ணீர் குறையவே கூடாது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஹெட்டைக் கழற்றியபோது நீர்ப்பாதைகளில் முட்டை ஓட்டு நிறத்தில் படிவு இருந்தது. கூலன்ட் தயாரிப்பாளர் குறித்த வகையாக இருக்க வேண்டும். நிறம் ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்காக வேறு வகையைக் கலக்கக் கூடாது. கலக்கும் தண்ணீர், நாம் பேட்டரி வாட்டர் என்று வாங்கும் காய்ச்சி வடித்த தண்ணீராக மட்டுமே இருக்க வேண்டும். ஒரு கேன் தண்ணீரின் விலையையும் ஒரு ஹெட்டின் விலையையும் அண்ணாச்சியிடம் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் வியாபாரி, உடனே புரிந்துகொண்டார்.

அடுத்து, காற்று வரும் வழி. இத்தகைய கார்களில் பலவற்றுக்கு ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைகளிலும், தரையிலிருந்து சாண் உயரத்தில் இருக்கும். திறந்த வாய்போல இருக்கும் அந்தத் துளைகள் வழியே சித்திரையில் வேப்பம்பூவும் மற்ற மாதங்களில் சருகும் உள்ளே போய், ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மெத்தைபோல் அடைந்துவிடும். கழுவும்போது அது ஈரமாகி, அழுகி, அலுமினியத் தகடுகளை அரிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பம்பரைக் கழற்றினால்தான் தெரியும். அண்ணாச்சியின் கார் நிற்கும் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வேப்பமரம். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சிறிய சாக்கு நிறையக் குப்பை எடுத்தோம். போதாக்குறைக்கு, ஒரு பக்கத்து மின்விசிறியின் ஒயரை எலி கடித்திருந்தது. நிற்கிற வண்டி எலிக்கு வீடு.

கோடையில் பாளையங்கோட்டையின் பெயர் வெயில் பட்டியலில் அடிக்கடி வருவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நாற்பது டிகிரி வெயிலில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றும் ஆகாது; காற்று வந்துகொண்டே இருக்கும். அதே வெயிலில் மாப்பிள்ளை ஊர்வலத்தில், செண்டை மேளத்துக்குப் பின்னால், கோயிலிலிருந்து மண்டபம் வரை முக்கால் மணி நேரம் ஊர்ந்து போவதுதான் அதற்கு எமன். காற்று கிடையாது, ஏ.சி. முழு வேகத்தில் ஓடுகிறது. நடுவில் இளைஞர்கள் உறுமல் சத்தம் கேட்பதற்காக நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்கிறார்கள். என்ஜின் பின்னாலோ நடுவிலோ இருக்கும் வண்டியாக இருந்தால், அந்த அறை அடுப்பங்கரை ஆகிவிடும். ரப்பர் ஹோஸ்கள், ஒயர் உறைகள், பிளாஸ்டிக் கிளிப்புகள் எல்லாம் பத்து ஆண்டு மூப்பை ஒரே பகலில் அடைகின்றன. கல்யாணத்துக்கு வண்டி கேட்கும் சொந்தக்காரரிடம் மறுப்பது கடினம் என்பது எனக்கும் தெரியும். அம்பாசிடர் ஒன்றை ஏற்பாடு செய்து கொடுங்கள், புகைப்படத்தில் அதுவும் அழகாகவே இருக்கும்.

சூட்டுக்கு முன்னால் பெரிய நிறுவனங்களும் தோற்றதுண்டு. 2010இல் ஃபெராரி 458 இத்தாலியா கார்கள் சில தீப்பிடித்தபோது, சக்கர வளைவின் உட்புறத்தில் வெப்பத் தடுப்பை ஒட்டப் பயன்படுத்திய பசை சூட்டில் இளகியதே காரணம் என்று கண்டறிந்து, பசைக்குப் பதில் உலோக இணைப்புகளால் இறுக்கிக் கொடுத்தார்கள். பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அழைக்கப்படும், 911 டர்போவிலும் ஜிடி3யிலும் வந்த உறுதியான என்ஜினுக்கும் இதே போன்ற ஒரு குறை இருந்தது: கூலன்ட் குழாய் இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், ஆண்டுகள் கழித்துச் சூட்டில் பசை விட்டு, ஓட்டத்தின் நடுவே குழாய் கழன்று, பின் சக்கரத்துக்கு அடியிலேயே கூலன்ட் முழுவதும் கொட்டிவிடும். அந்த இணைப்புகளை வெல்டு செய்வதோ பின் அடிப்பதோதான் நிரந்தரத் தீர்வு. மூடிய பேரிங் பிரச்சினை அண்டாத என்ஜினைப் பசை வீழ்த்தியது.

டர்போ உள்ள வண்டிகளுக்கு இன்னொரு சூடு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுழல்வது. அதன் பேரிங்கைக் குளிர்விப்பது ஆயில். வேகமாக வந்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திய கையோடு அணைத்தால், அங்கே தேங்கும் ஆயில் கருகிக் கரியாகும். கடைசி மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தாலே போதும். புதிய வண்டிகளில், அணைத்த பிறகும் மின்விசிறியும் நீர்ப் பம்ப்பும் சில நிமிடம் ஓடிக் குளிரவைக்கும். ஒரு வீட்டுக் காவலாளி, வண்டி அணையவே இல்லை, கோளாறு என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் பேட்டரிக் கம்பியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். அவரைக் குறைசொல்ல முடியாது, யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 பற்றி ஒரு வார்த்தை. ஷார்ஜாவில் அடிக்கடி வந்த வண்டி அது. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வாங்கெல் என்ஜின். கொஞ்சம் ஆயிலைக் குடிப்பது அதன் இயல்பு. கழுவுவதற்காகக் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே அணைத்துவிட்டால் உள்ளே பெட்ரோல் தேங்கி, மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதை அறியாமல் விடாமல் செல்ஃப் அடித்துப் பேட்டரியையும் தீர்த்துவிட்டு வருவார்கள். நான் சொல்லவருவதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடையாது.

பெட்ரோலைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலைப் பேயாகச் சித்திரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதன் ஆக்டேன் உயர்வு. பெட்ரோல் நேரம் தவறித் தானே வெடித்துத் தட்டும் நாக்கிங்கைத் தடுப்பதில் அது நண்பன்தான். சிக்கல் வேறு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் அந்த அளவு எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. வாரம் ஒருமுறை டேங்க் தீரும் வண்டிக்கு ஈரம் சேர நேரமில்லை. ஆறு மாதம் அரை டேங்க்கோடு நிற்கும் வண்டிக்குத்தான் ஈரம் சேர்ந்து, அடியில் பிரிந்து, பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே டேங்க்கைக் காலியாக விடாமல் நிரப்பி வைப்பதும், இரண்டு மாதத்துக்குள் அதை ஓட்டித் தீர்ப்பதும் வேண்டும். ஆக்டேன் அளவைப் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 95க்கு மேல் கேட்கும் என்ஜினுக்கு அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டால், நாக் சென்சார் பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளிக் காப்பாற்றும். ஆனால் கோடையில் முழு மிதியில் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜின்களில், உதாரணமாக ஆடி ஆர்எஸ்4 காரின் 4.2 லிட்டர் என்ஜினில், இன்டேக் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. ஆயில் ஆவி படிந்து கரி ஏறி, மூச்சுத் திணறிக் குதிரைத் திறன் குறையும். அதை எடுக்க, பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சுவார்கள். நமக்குப் பனங்கொட்டைக்குப் பஞ்சமில்லை, அதை வைத்துச் செய்ய முடியாதா என்று என் பட்டறைப் பையன் ஒருவன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் கேள்வி பிடித்திருந்தது. ஏர் ஃபில்டரில் மட்டும் நான் பிடிவாதக்காரன். குட்டம், திசையன்விளை பக்கத்துச் செம்மணல் மேடுகளின் தேரி மண் மாவுபோல் நுண்ணியது. ஆடிக் காற்றில் அது எங்கும் புகும். சத்தத்துக்காக ஆயில் தடவிய பஞ்சு ஃபில்டர் மாட்டியவர்கள், தயவுசெய்து நிறுவனம் கொடுத்த காகித ஃபில்டருக்குத் திரும்புங்கள்.

டைமிங் பெல்ட் உள்ள பழைய ஃபெராரி போன்றவை இங்கே ஒன்றிரண்டுகூட இல்லை என்பதால் சுருக்கமாக: எஃப்355 காரில் பெல்ட் மாற்ற என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும், எஃப்430இல் செயினுக்கு மாறிவிட்டார்கள். பெல்ட் ரப்பர் என்பதால் வண்டி ஓடாமலே மூப்படையும். அதை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் மாற்றுவதே வழக்கம்.

அண்ணாச்சியின் கார் பட்டறையில் ஏழு வாரம் இருந்தது. வளைந்திருந்த ஹெட்டைக் கோயம்புத்தூரில் சமன்செய்து அழுத்தச் சோதனை செய்து வாங்கினோம். இரண்டு சிலிண்டர்களில் பிஸ்டன் ரிங் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதால் துரு வளையம் பதிந்திருந்தது, அதிர்ஷ்டவசமாக ஆழமில்லை. நீர்ப்பாதைகளைச் சுத்தம்செய்து, பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸ்களும் கிளாம்ப்புகளும் மாற்றி, ராடு பேரிங்குகளையும் கையோடு புதிதாகப் போட்டுக் கோத்தேன். வண்டியைக் கொடுக்கும்போது மூன்று நிபந்தனைகள் சொன்னேன்: வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும், ஓட்ட முடியாவிட்டால் ஸ்டார்ட்டே செய்யக் கூடாது, நிற்கும்போது பேட்டரிக்கு மெல்லிய சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதைப் பராமரிப்பு என்று நினைத்திருந்த டிரைவருக்கு இரண்டாவது நிபந்தனை புரியவே இல்லை.

அண்ணாச்சி சாவியை வாங்கவில்லை. “எனக்கு இடுப்பு வலி, பையன் சென்னையில கெடக்கான். ஞாயித்துக்கெழம நீயே ஒரு எட்டு ஓட்டிட்டு வந்துரு தம்பி” என்றார். ஆகவே இப்போது ஞாயிறு காலை ஆறு மணிக்கு கே.டி.சி. நகர்ப் பாலத்தடியில் ஏறி, மூவாயிரம் சுழற்சியைத் தாண்டாமல் நாங்குநேரி வரை போகிறேன். அதற்கு முன்பே ஆயில் முள் தொண்ணூறைத் தொட்டுவிடுகிறது. அதன்பின் வள்ளியூர், பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரை, சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் கியரை இறக்கி என்ஜினைக் கொஞ்சம் பாடவிட்டு, காற்றாலைகள் நெருங்கியதும் திரும்பி, கடைசித் தூரத்தை மெதுவாக வந்து நிறுத்துகிறேன்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து விரித்துப் பார்த்தேன். மினுமினுப்பு எதுவும் இல்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாதது இருக்கும் என்பதால் சிறு பாட்டிலில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஈயமும் செம்பும் கூடியிருந்தால் பேரிங், இரும்பு கூடியிருந்தால் அந்தத் துருவேறிய சிலிண்டர்கள், சிலிக்கான் இருந்தால் தேரி மண், சோடியம் இருந்தால் மறுபடியும் கூலன்ட் என்று அண்ணாச்சிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முடிவு வர இன்னும் நாலைந்து நாள் ஆகும். அதற்குள் அவர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.